ஆய்வாளரின் செத்தவீட்டு வீடியோ

யுத்தம் முடிந்து மூன்றாவது கிழமை ஆய்வாளர் செத்துப்போனார். டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில், காலை ஏழு மணிக்கு, நிலம் கழுவுகிற மெஷினைத் தள்ளிக்கொண்டு போனவர் அப்படியே அதன்மேல் சாய்ந்துவிட்டாராம். அம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாரடைப்பு என்று டொக்டர் சொன்னார். டொக்டர் சொன்னால் போதுமா? எங்கள் ஆட்களில் ஒருவர்கூட அதை நம்பவில்லை. ஒளிப்பானேன், நானும் நம்பவில்லை.

பிழைப்புக்குத்தான் அவர் பள்ளிக்கூடம் துப்புரவாக்கினார். எங்களுக்கு அவர் ஆய்வாளர். ஊரில் பத்திரிகையில் இருந்துவிட்டு வந்தவர். இங்கே வந்த பிறகும் ஐரோப்பாவில் வெளிவந்த தமிழ்ப் பத்திரிகைகளுக்கு அரசியல் கட்டுரை எழுதினார். சனிக்கிழமை பின்னேரங்களில் வானொலிக்கு டெலிபோனில் அரை மணித்தியாலம் பேசுவார். அந்த அரை மணித்தியாலமும் அடுப்பில் கறி அடிப்பிடித்தாலும் எங்கள் வீடுகளில் ஒருவரும் எழும்ப மாட்டார்கள். எந்த முகாம் விழுந்தது, இந்தியா என்ன நினைக்கிறது, அமெரிக்கா ஏன் வாய் திறக்கவில்லை, எல்லாம் அவர் சொன்னால்தான் எங்களுக்கு விளங்கும். திங்கட்கிழமை தொழிற்சாலையில் அதையே எங்கள் சொந்த யோசனைபோல ஆளுக்காள் சொல்லிக்கொண்டு திரிவோம்.

நான் கிழமை நாட்களில் ஸ்கீவவில் ஒரு தளபாடத் தொழிற்சாலையில் வேலை செய்தேன். சனி ஞாயிறுகளில் வீடியோ எடுப்பேன். கலியாணம், பெண்பிள்ளை பெரியவளான சாமத்தியவீடு, செத்தவீடு என்ற பேதமெல்லாம் கிடையாது. செத்தவீட்டுக்கு என்னத்துக்கு வீடியோ என்று தொழிற்சாலையில் ஒரு டெனிஷ்காரன் கண்ணை உருட்டிக்கொண்டு கேட்டான். ஊரிலிருந்து வரமுடியாத சனம், கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற சனம் பார்க்க வேண்டாமா? அவர்கள் அதில் பிரேதத்தை ஒருதரம்தான் பார்ப்பார்கள். மிச்ச நேரமெல்லாம் யார் யார் வந்தது என்றுதான் பார்ப்பார்கள். அதனால் வரிசை வரிசையாக, ஒவ்வொரு முகத்திலும் இரண்டு செக்கனாவது கமரா நிற்க வேண்டும். ஒரு கலியாண வீடியோவில் தன் சேலைத் தலைப்பு மட்டும்தான் வந்தது என்று ஒரு மாமி என்னோடு எட்டு மாதம் கதைக்கவில்லை. அப்படிப்பட்ட சனம் நாங்கள்.

ஆய்வாளருக்கும் எனக்கும் பழக்கம் அந்த வீடியோக்களால் வந்தது. தொடக்கத்தில் வருகிற தலைப்பு, பெயர், நன்றி எல்லாவற்றையும் அவருக்கு டெலிபோனில் வாசித்துக் காட்டுவேன். ஒற்று மிகும், மிகாது என்று பொறுமையாகத் திருத்துவார். ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. "உங்கடை வேலைதான் தம்பி நிலைக்கும், என்ரை கட்டுரையைச் சனம் அடுத்த கிழமை மீன் சுத்தப் போட்டிடும்" என்பார். எனக்கு அவரில் சரியான விருப்பம். அவர் செத்த செய்தி வந்தபோது தொழிற்சாலைக் கழிப்பறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

அழுகை அடங்க முதலே சந்தேகம் தொடங்கிவிட்டது.

ஒருவர் திடீரென்று செத்தால் இந்த நாட்டில் போலீஸ் வந்து பார்த்த பிறகுதான் உடலைக் கொடுப்பார்கள். அது இங்கத்தைய வழக்கம். எங்களுக்கு அது தெரியாது. இரண்டு நாள் உடல் வரவில்லை. அந்த இரண்டு நாளும் டெலிபோன் ஓயவில்லை. "மாரடைப்புக்குப் போலீஸ் என்னத்துக்கு வாறான்?" என்றார் ஒருவர். "பள்ளிக்கூட வாசலிலை ஒரு வெள்ளைக் கார் நிண்டதாம்" என்றார் இன்னொருவர். வெள்ளைக் கார் நிற்காத வாசல் டென்மார்க்கில் எங்கே இருக்கிறது? கடைசியில் கதை சாப்பாட்டுக்கு வந்தது. முந்தின நாள் பின்னேரம் ஒரு பிறந்தநாள் வீட்டில் அவர் இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டிருக்கிறார். அந்த ரோல்ஸை ஆர் செய்தது என்று ஊரெல்லாம் விசாரணை.

"நான்தான் பொரிச்சனான்" என்றாள் என் மனுசி. பிறந்தநாள் வீட்டுக்காரர் அவளிடம்தான் ஓடர் கொடுத்திருந்தார்கள். "போங்கோ, போய்ச் சொல்லுங்கோ போலீசுக்கு. அறுபது ரோல்ஸ் பொரிச்சனான், மிச்ச ஐம்பத்தெட்டையும் திண்டவை குத்துக்கல்லாட்டம் இருக்கினம் எண்டும் சொல்லுங்கோ."

நான் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் எங்கள் வீட்டுக்கு ரோல்ஸ் ஓடர் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இவ்வளவு சந்தேகத்துக்கும் அடியில் ஒரு காரணம் இருந்தது. சாவதற்கு முந்தின சனிக்கிழமை அவர் வானொலியில் பேசிய பேச்சு. எல்லாம் முடிந்துவிட்டது என்று உலகம் முழுவதும் சொல்லிவிட்ட பிறகும் எங்களில் பாதிப்பேர் அதை ஏற்காமல் இருந்த நாட்கள் அவை. இவர் வழக்கம்போல வணக்கம் சொன்னார். பிறகு, "நாங்கள் தோத்துப்போனம். தோக்கப்போறம் எண்டு எனக்குப் போன மார்கழியிலையே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் உங்களுக்கு நம்பிக்கை சொன்னனான். அங்கை சனம் செத்துக்கொண்டிருக்கேக்கை நான் இஞ்சை இருந்து வெல்லுவம் வெல்லுவம் எண்டு கதைச்சனான். என்னை மன்னியுங்கோ" என்றார். டெலிபோன் நின்றது. அவரே வைத்தாரா, அங்கே வெட்டினார்களா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மிச்ச நேரம் முழுக்க வானொலியில் வீணை போட்டார்கள்.

அந்த ஒரு பேச்சோடு அவர் இரண்டு பக்கத்துக்கும் ஆகாதவர் ஆனார். இருபது வருடம் அவர் எழுதியதால் கொழும்புக்காரனுக்கு அவர் எதிரி. அந்தக் கடைசி ஐந்து நிமிடத்தால் எங்கள் ஆட்களுக்கு அவர் துரோகி. அவர் சாவுக்குப் போகிறவனை இரண்டு பக்கமும் கவனிக்கும் என்று எல்லோருக்கும் பயம். ஆனாலும் போகாமல் இருக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. மதிப்பு அவ்வளவு.

செத்தவீட்டுக்கு முதல்நாள் அவருடைய மனைவி என்னைக் கூப்பிட்டார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஹொல்ஸ்டெப்ரோவில் மூன்றாம் மாடி வீடு. சோபாக்களைச் சுவரோடு தள்ளி வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். அடுப்பு மூட்டாத வீடு என்பதால் அயல் வீடுகளிலிருந்து வந்த சாப்பாட்டுச் சட்டிகள் மேசையில் திறபடாமல் இருந்தன. யார் கொண்டுவந்தது என்று தெரியாத சட்டியை ஒருவரும் தொடவில்லை என்பதைக் கவனித்தேன். நானும் தொடவில்லை.

அக்கா அழுது முடித்திருந்தார். குரல் தெளிவாக இருந்தது.

"தம்பி, உங்கடை அண்ணைக்கு ஊரிலை ஒரு தமக்கை இருக்கிறா. தாயில்லாத பிள்ளையை அவதான் வளத்தவ. இவர் பத்திரிகைக்குப் போன நாளிலையிருந்து அவவுக்கு ஆத்திரம். உந்த எழுத்து உன்னை நடுத்தெருவிலை விடும், நீ செத்தால் தூக்க நாலு பேர் வராயினம் எண்டு மூஞ்சைக்கு நேரை சொன்னவ. அந்தச் சொல் இவற்றை நெஞ்சிலை கடைசி மட்டும் கிடந்தது. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம். மச்சாள் தன்ரை கண்ணாலை பாக்கவேணும், இவருக்கு எவ்வளவு சனம் வந்தது எண்டு. ஒரு முகம் விடாமல் எடுத்துத் தாரும்."

"ஒரு முகமும் தப்பாது அக்கா" என்றேன். நெஞ்சில் கை வைத்துத்தான் சொன்னேன்.

அடுத்த நாள் சுடலைத் தேவாலய மண்டபத்தில் சனம் கொள்ளவில்லை. இஷொயிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடி ஒரு பஸ் வந்தது. ஹேர்னிங்கிலிருந்து ஐயர் வந்தார். உள்ளே இடமில்லாமல் வெளியே புல்லில் வெயிலுக்குள் நின்றார்கள். ஆள் வருவதற்கு முன்னமே நான் போய், வழக்கப்படி, மண்டபம், வெறுங்கதிரைகள், பூ, பெட்டி எல்லாம் எடுத்து வைத்திருந்தேன். பிறகு முகங்களைத் தொடங்கினேன்.

பன்னிரண்டு வருடமாக வீடியோ எடுக்கிறேன், அப்படி ஒரு கூட்டத்தை நான் கண்டதில்லை. கமரா திரும்புகிற பக்கமெல்லாம் தலை குனிந்தது. மூக்குத் துடைக்கிற லேஞ்சி முகத்துக்கு எழும்பியது. ஒருத்தர் கயிறு இல்லாத சப்பாத்துக்குக் கயிறு கட்டினார். துக்கம் என்று நினைத்துக்கொண்டு நானும் விடாமல் காத்திருந்து, நிமிர்கிற நேரம் பார்த்துப் பிடித்தேன். எல்லா முகத்தையும் பிடித்தேன். எனக்கு என் தொழிலில் அவ்வளவு திமிர்.

பூக்களுக்குப் பக்கத்தில் கறுத்தக் கோட்டுப் போட்ட ஒரு டெனிஷ்காரன் நின்று சின்னக் கொப்பியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தான். அவனைக் கண்டதும் மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. உளவுப் போலீஸ் என்றார்கள். கொழும்புக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவன் என்றார்கள். நான் நேராகப் போய் டெனிஷில் கேட்டேன். அவன் செத்தவீட்டு ஒழுங்கு செய்கிற கொம்பனிக்காரன். எந்தப் பூவளையம் யார் தந்தது என்று எழுதுகிறானாம், பிறகு குடும்பம் நன்றி சொல்ல வசதியாக. இந்த நாட்டு வழக்கம். வந்து சொன்னேன்.

"அப்பிடித்தான் சொல்லுவான்" என்றார் ஒருவர், என்னை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு. "நீர் ஏன் போய் அவனோடை கதைச்சனீர்?"

நான் திரும்பிப் பார்த்தபோது பூவளையங்களில் பெயர் எழுதிய றிபன்களில் பாதியைக் காணவில்லை. எந்தக் கை எப்போது உருவியதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

எங்கள் எல்லா நிகழ்விலும் மைக் பிடிக்கிற ஒருவர் இருந்தார். மேடைக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர்தான் அஞ்சலி உரை வாசித்தார். ஏற்ற இறக்கமாக, கண்ணைத் துடைத்துத் துடைத்து வாசித்தார். ஆய்வாளரின் கடைசிப் பேச்சைப் பற்றி மூச்சு விடவில்லை. பிறகு பெட்டியை மூடினார்கள், நான் அதையும் எடுத்தேன்.

திங்கட்கிழமை பின்னேரம் முதலாவது டெலிபோன் வந்தது. ஒரு அன்ரி. பேசுவதற்கு முன்னமே அழுதார்.

"தம்பி, என்ரை தங்கச்சி பிள்ளையளோடை வவுனியா முகாமிலை கம்பிக்குள்ளை நிக்கிறாள். அந்த வீடியோ ஊருக்குப் போகுதாம். வழியிலை உடைச்சுப் பாத்தாங்களெண்டால் அவளைத்தானே இழுப்பாங்கள். என்னை எடுத்துவிடும் ராசா."

என்ன சொல்வது? நியாயமான பயம். அன்ரியின் மூன்று செக்கனை எடுத்துவிட்டேன். ஒரு முகம்தானே.

அடுத்தவர் காணி விற்கக் கொழும்புக்குப் போக இருந்தவர். அதற்கடுத்தவருக்கு ஊரில் தகப்பன் வருத்தமாம். அதற்கடுத்தவருக்கு மறுபக்கத்துப் பயம்: துரோகிக்குக் கண்ணீர் விட்டவன் என்று நாளைக்குத் தன் பிள்ளையின் கலியாணத்துக்கு ஒருவரும் வராமல் விட்டால் என்ன செய்வது? புதன்கிழமை மேடைக்காரரே டெலிபோன் எடுத்தார். "நான் வாசிச்ச பகுதி நீளமாப் போச்சு, அதை எடுத்துவிட்டால் வீடியோவுக்கு நல்லது" என்றார். அடடா, வீடியோவில் என்ன அக்கறை!

பிறகுதான் கூத்துத் தொடங்கியது. ஒருவர் டெலிபோன் எடுத்து, "இன்னார் வெட்டச் சொன்னவரோ?" என்று கேட்பார். நான் வாய் திறக்க மாட்டேன். நான் சொல்லாததே அவருக்குப் பதில். "அப்ப அவருக்கு ஏதோ தெரிஞ்சிருக்கு. என்னையும் வெட்டும்." இன்னொருவர், "என்னை வெட்டும், ஆனால் எனக்குப் பக்கத்திலை நிண்டவனை விடும், அவன் ஆரெண்டு நாலு பேருக்குத் தெரியவேணும்" என்றார். பக்கத்தில் நின்றவர் அதற்கு முன்னமே டெலிபோன் எடுத்துத் தன்னை வெட்டச் சொல்லிவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது. என்ன கோதாரிச் சனமடா என்று டெலிபோனை வைத்துவிட்டுக் கத்துவேன். மனுசி குசினியிலிருந்து, "மெல்லக் கத்துங்கோ, மேல்வீட்டுக்காரரும் தமிழ்" என்பாள்.

அக்காவுக்குக் கொடுத்த வாக்கு இருந்ததே, நான் சும்மா விட்டுவிடவில்லை. முகங்களை மங்கலாக்கி, வீட்டுக்கு வந்து கேட்டவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். டிவியில் கொலைகாரனைக் காட்டுவதுபோல் இருந்தது. முதுகுகளை மட்டும் விட்டுப் பார்த்தேன். "அந்தக் கோட்டு என்ரை எண்டு ஸ்கீவவிலை சின்னப்பிள்ளைக்கும் தெரியும்" என்று ஒருவர் வந்து நின்றார். கூப்பிய கைகளை மட்டும் விட்டேன். தன் மோதிரத்தைக் காட்டி அதையும் வெட்டச் சொன்னார் ஒரு அம்மா. எந்தக் கலியாண வீடியோவையும் இந்தச் சனம் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

இரண்டு கிழமையில் எல்லோரும் வீடியோவிலிருந்து போய்விட்டார்கள். மண்டபம் நிறைந்து புல்லில் நின்ற அவ்வளவு பேரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேடைக்காரர் வீட்டுக்கே வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

"ஒறிஜினல் கசெட் உம்மட்டையோ இருக்கு?"

"ஓம்."

"அதை என்னட்டைத் தாரும். பாதுகாப்பா வைக்கிறன்."

"உங்களிட்டை ஏன்? அக்காட்டை வேணுமெண்டால் குடுக்கிறன்."

"தம்பி, யோசிச்சுக் கதையும். செத்தவீட்டுக்கு வந்த அவ்வளவு சனத்தின்ரை முகமும் ஒருத்தன்ரை வீட்டிலை இருக்கிறது நல்லதோ? நாளைக்கு ஆர் கேட்டாலும் நீர் குடுக்கமாட்டீர் எண்டு ஆருக்குத் தெரியும்? உம்மடை கமராவே ஆர் வாங்கித் தந்தது எண்டு சிலபேர் கேக்கினம். நான்தான் வாயை அடைச்சு வைச்சிருக்கிறன்."

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. அந்தக் கமராவுக்கு நானும் மனுசியும் மூன்று கோடைக்காலம் ஸ்ட்ரோபெரி பிடுங்கியிருக்கிறோம். "வெளியிலை போம்" என்றேன். போனார். ஆனால் கதவைச் சாத்தியதும் என் புத்தியும் அவர் பக்கம் போய்விட்டது. இந்தக் கசெட்டை அவர் கேட்கிறார் என்றால் எதற்குக் கேட்கிறார்? யாருக்குக் கொடுப்பார்? அவர் கேட்டால் வேறு யாரும் கேட்பார்கள். களவெடுக்கவும் வருவார்கள். அந்தச் சின்னக் கசெட் என் மேசை லாச்சிக்குள்தான் கிடந்தது. எடுத்துக் கமராவில் போட்டேன். லென்ஸின் மூடியைக் கழற்றாமல் ரெக்கோர்ட் பட்டனை அழுத்தினேன். ஒரு மணித்தியாலம் அது சுற்றி முடியும்வரை பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தேன். வெளியே நல்ல வெயில், பிள்ளைகள் பந்தடிக்கிற சத்தம் கேட்டது. முடிந்ததும், அட விசரா, என்ன செய்துவிட்டாய் என்று என்னையே கேட்டேன். செய்ததைத் திருப்பி எடுக்க வழியில்லை.

கொம்பியூட்டரில் வெட்டி மிஞ்சியது பதினெட்டு நிமிடம். நான் முன்கூட்டியே எடுத்த வெறுங்கதிரைகள். பெட்டி. ஐயரின் கை, ஐயரும் முகம் வேண்டாம் என்றுவிட்டார். பெயரில்லாத பூவளையங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் அக்கா, தனியாக. தலைப்பு எழுதுகிற நேரம் வந்தபோது ஒற்று மிகுமா மிகாதா என்று கேட்க ஆளில்லை. ஒரு பின்னேரம் முழுக்க அந்த இரண்டு வரியோடு இருந்தேன். அழுகையாக வந்தது.

அக்கா மூன்று தரம் டெலிபோன் எடுத்துவிட்டார். நான் அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அக்கா, வந்த சனம் அவ்வளவும் தங்களை வெட்டச் சொல்லிவிட்டது என்று ஒரு வசனம். அவர் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டிவிடியைக் கொண்டுபோய்க் கொடுத்து, "கொஞ்சம் சுருக்கிப்போட்டன் அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"நான் பாக்கேல்லைத் தம்பி. அவரைப் பெட்டிக்குள்ளை இன்னொருக்கால் பாக்க என்னாலை ஏலாது" என்றார். எனக்கு முன்னாலேயே கடித உறைக்குள் போட்டு ஒட்டினார். தமக்கையின் விலாசத்தை அழகான எழுத்தில் எழுதினார். "மச்சாள் பாத்தால் காணும்."

தபாலில் துலைந்துபோகட்டும் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வேண்டிக்கொண்டேன். அந்த நாட்களில் ஊருக்குப் போன கடிதத்தில் பாதி போய்ச் சேராது. வேண்டாத நேரத்தில்தான் தபால் ஒழுங்காக வேலை செய்யும்.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, அக்கா என்னை வரச்சொன்னார். தேத்தண்ணி தந்தார். எதிரில் இருந்தார். மேசையில் ஒரு கொப்பியும் பேனாவும் இருந்தன.

"மச்சாள் நேற்று டெலிபோன் எடுத்தவ" என்றார். "ஒரு குருவியும் வரேல்லையேடி எண்டு கேட்டு அழுதா. இல்லை மச்சாள், சனம் புல்லிலை நிண்டது எண்டு சொன்னன். அவ நம்பேல்லை. என்னை ஆறுதல்படுத்தப் பொய் சொல்லாதை, நான் கதிரையளைப் பாத்தனான் எண்டு சொன்னா. பிறகுதான் நானும் போட்டுப் பாத்தனான்."

நான் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தேன்.

"எல்லாரும் வெட்டச் சொன்னவையோ?"

"ஓம் அக்கா."

"எல்லாருமோ? முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து சாப்பிட்டிட்டுப் போனவையளுமோ?"

"எல்லாரும்தான் அக்கா. முதுகெலும்பில்லாத கூட்டம். ஒருத்தன்கூட மிஞ்சேல்லை" என்றேன். ஒன்றரை மாதமாக அடக்கி வைத்திருந்த ஆத்திரமெல்லாம் வெளியே வந்தது. மேடைக்காரரைச் சொன்னேன், றிபன் உருவியவர்களைச் சொன்னேன், கோட்டுக்காரரையும் மோதிரக்காரியையும் சொன்னேன். கசெட்டை அழித்ததை மட்டும் சொல்லவில்லை. அக்கா இடையில் ஒரு கேள்வியும் கேட்காமல் எல்லாவற்றையும் கேட்டார்.

"மச்சாள் இன்னொண்டும் சொன்னவ" என்றார், நான் ஓய்ந்த பிறகு. "பெட்டியை மூடேக்கை படம் ஆடுதாம். எடுத்த பிள்ளை அழுதிருக்கு, கை நடுங்கியிருக்கு எண்டு சொன்னா. என்ரை தம்பிக்கெண்டு ஒருத்தனாவது நிண்டு அழுதிருக்கிறான், அது காணும் எனக்கு எண்டு சொன்னா. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கோயிலிலை அந்தப் பிள்ளைக்கு ஒரு அர்ச்சனை செய்விக்கப்போறாவாம். உம்மடை பேரும் நட்சத்திரமும் கேட்டவ." பேனாவை எடுத்தார். "நீர் என்ன நட்சத்திரம் தம்பி?"

படம் ஆடியது எனக்குத் தெரியாது. அத்தனை தரம் வெட்டி ஒட்டியும் கவனிக்கவில்லை. சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

அதற்குள் ஊரில் இருக்கிற அந்தக் கோயில் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. ஐயர் என் பெயரையும் நட்சத்திரத்தையும் ஊர் கேட்கச் சொல்லுவார். அர்ச்சனைத் தட்டத்தோடு நிற்கிற சனம் திரும்பிப் பார்க்கும். யாரிது, எந்த ஊரில் இருக்கிறான், ஆய்வாளரின் தமக்கை ஏன் இவனுக்கு அர்ச்சனை செய்விக்கிறாள் என்று கேட்கும். வாசலில் சென்றிக்கு ஆமிக்காரன் நிற்பான். அந்தக் கோயிலிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி என் தம்பி குடும்பத்தோடு இருந்தான்.

"பேர் வேண்டாம் அக்கா" என்றேன்.

அக்கா நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும்.

"நீருமோ தம்பி?"

அவர் அந்த வெறும் கொப்பியை மூடினார்.

"சரி, சுவாமியின்ரை பேருக்குச் செய்யச் சொல்லுறன்" என்று சொல்லிப் பேனாவை மூடி வைத்தார்.